படிக்காமல் குத்திய 'மிக நன்று'

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. நோட்டுத் திருத்தி மணிக்கட்டு வலிக்கிறதே என்று 'மிக நன்று' என ஒரு ரப்பர் முத்திரை செய்து அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். உன் மேல் தப்பில்லை, குத்திய கை என்னுடையது. என் வகுப்பில் ஒரு பெண், வாய் ஓயவே ஓயாது, 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவோம். பத்து நாளாக அவளிடம் சத்தமே இல்லை, அப்பாடா என்று நானும் இருந்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து ஆளையே காணோம். மேசையில் கிடந்த அவளுடைய கட்டுரை நோட்டைப் புரட்டினேன். 'என் வீடு' என்ற கட்டுரையின் நடுவில், "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க டீச்சர், தங்கச்சியப் பாத்துக்க ஆள் இல்ல, நான் இனிமே வர முடியாதுன்னு நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே, கோணாமல், அழகாக, 'மிக நன்று'.

அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் பேப்பரை இறக்காமலே, "நாப்பது நோட்டு இருந்தா யாருக்கு முடியும், விடு" என்றார். நேற்று சர்க்கரை போட மறந்த காபியைக் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றவர்தானே. அவரைக் கேலி செய்து என்ன, நானும் அந்த ரகம்தான். பிறகு நோட்டை முதலிலிருந்து படித்தேன். தங்கைக்குச் சிக்கெடுக்கும்போது வலிக்கக் கூடாதென்று முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொள்வாளாம். பதினொரு வயதில் எவ்வளவு பெரிய மனசு. நாளை அவள் வீட்டுக்குப் போய் முதலில் அதைத்தான் சொல்லப்போகிறேன். தங்கையும் என் வகுப்பிலேயே உட்காரட்டுமே என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன், "பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போகிறேன், அவள் வருவாளா, தெரியவில்லை. நீயும் யாரையாவது பாராட்டினால் இன்னதற்கு என்று சொல்லிப் பாராட்டு, சும்மா சொல்லி வைக்காதே.

இப்படி இன்னும் எதையெல்லாம் படிக்காமல் விட்டேனோ என்ற பயத்தில் உன் போன மாதக் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். புது வேலை, புது அறை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "சரியாத் தூக்கமே வர்றதில்லம்மா" என்று ஒரு வரி. அதற்கு நான் போட்ட பதில் உனக்கு நினைவிருக்கும். 'படித்தேன், ரொம்பச் சந்தோஷம்.' மன்னித்துவிடு கண்ணா.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஏன் தூக்கம் வரவில்லை, அதை மட்டும் எழுது. இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா