கவின் தண்ணீர் கேட்கவில்லை

ஜூன் 16, திங்கள்

காலை எட்டுக்கே முதுகெல்லாம் வேர்வை. கரையான்சாவடியில் எங்கள் தாய்-சேய் பிணைப்பு ஆய்வு அறையில் ஏசி ஓடுகிறது, மாவு மில் சத்தத்தோடு. குழந்தைகள் முதலில் அதைக் கேட்டுத்தான் மிரள்கின்றன. ஆய்வை நடத்தும் டாக்டர் மேடத்திடம் சொன்னால், "நோட் பண்ணிக்கோ." பண்ணிக்கொண்டேன்.

வாங்க: டெட்டால், பொம்மை பஸ் ஒன்று (பழையதன் சக்கரத்தைக் கடித்துவிட்டார்கள்), எனக்குச் செருப்பு.

இன்று ரேவதி, அவள் மகன் கவின். பதினைந்து மாதம். வழக்கமான முறைதான். இருவரும் விளையாட, நடுவில் அம்மா மூன்று நிமிடம் வெளியே போய்விட்டு வருவாள். பிரிவில் குழந்தை என்ன செய்கிறது, அவள் திரும்பியதும் என்ன செய்கிறது, எல்லாம் கேமராவில். ரே.வுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. அந்நேரம் கவினைப் பார்ப்பது நாத்தனார் கல்பனா.

கிளம்பும்போது ரே. தயங்கித் தயங்கி: "ஒரு தபா கூட என்ன அம்மான்னு கூப்ட்டதில்ல மேடம். நா யாருன்னே தெர்லயோ இன்னாவோ. அப்டின்னா சொல்லிடுங்க, சனிக்கெழம வேலைய உட்டுட்றேன்."

"தனித்தனியா ரிசல்ட் சொல்றதில்லைங்க" என்றேன். சொன்ன பிறகு என் மேலேயே எரிச்சல்.

ஜூன் 17, செவ்வாய்

வீடியோ பார்த்தேன். ரே. வெளியே போனதும் கவின் கதவில் இரண்டு கையாலும் அடிக்கிறான். "ண்ணீ! ண்ணீ!" தண்ணி! இந்த வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறேன். புத்தி எங்கே போனது?

படிவத்தில்: தாகம். அழுகை பிரிவுக்காக அல்ல.

அப்படியென்றால் ரே. பயந்தது சரிதானா? 

ஒன்று மட்டும் இடிக்கிறது. அவள் வந்து தூக்கி, பாட்டிலை நீட்டுகிறாள். தள்ளிவிடுகிறான். தோளில் முகத்தைப் புதைத்து இன்னொரு "ண்ணீ." அழுகை போன இடம் தெரியவில்லை. தாகம் எடுத்தவன் ஏன் குடிக்கவில்லை? ஓரத்தில் கேள்விக்குறி.

ஜூன் 18, புதன்

திருமுல்லைவாயிலில் ரயில் தாமதம். தலைவலி. செருப்பு இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பாரிவாக்கம். வழக்கம்போல் குழந்தையை வீட்டிலும் பார்க்க, ரே. வீட்டுக்கு. மழை வருவது போல் வந்து ஏமாற்றியது. கவின் தரையில் டப்பா உருட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து கல்பனா குரல்:

"அண்ணி! கேஸ்காரன் வந்துகீறான், புக்க எங்க வெச்ச?"

கவின் டப்பாவை விட்டான். ரேவதியைப் பார்த்து, "ண்ணீ!"

"இன்னாடா?" என்றாள் ரே., அலமாரியில் புத்தகம் தேடிக்கொண்டே.

எனக்குப் பேனா நின்றுவிட்டது. அவன் என்ன சொல்கிறான் என்று கல்பனாவிடம் கேட்டேன்.

"நா அண்ணின்றேன், அதக் கேட்டுகினு இவனும் ண்ணின்றான். நாங்கல்லாம் சிரிப்போம். அண்ணிக்குத்தான் மூஞ்சி சுருங்கிடும்."

நான் ஒற்றைப் பிள்ளை. எங்கள் வீட்டில் அண்ணி என்று யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை. இத்தனை படித்து என்ன பிரயோஜனம்! பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன், பக்கத்து சீட்டு அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

ஜூன் 20, வெள்ளி

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு வீடியோவை முதலிலிருந்து பார்த்தோம். படிவத்தில் "தாகம்" என்பதை அடித்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான், வந்ததும் அவளிடமே அடங்கியிருக்கிறான். ரே.வுக்கு வீடியோவைக் காட்ட அனுமதி கேட்டேன். "தாராளமா காட்டு, நானும் வரேன்" என்றார். மனசு லேசு.

ஜூன் 21, சனி

ரே. பன்னிரண்டு மணிக்கு வந்தாள். கையில் கவர், உள்ளே வேலையை விடும் கடிதம் என்றாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை திரைக்குக் கிட்டே போனாள்.

"நா வெளிய கீற வரிக்கும் என்னியத்தான் கூப்ட்டுகினு இருந்தானா?"

"உங்களைத்தான்."

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது, மேடம் பார்த்துவிட்டார், பார்க்கட்டும்.

"அம்மான்னு சொல்லிக் குடுத்துப் பாருங்களேன்" என்றேன், சும்மா இருக்காமல்.

"வேணாம் மேடம். அவன் கூப்ட்றான், நா திரும்பறேன். பேர்ல இன்னா கீது?"

கடிகாரத்தைப் பார்த்தாள், எழுந்தாள். இரண்டாம் ஷிப்ட். கவரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள் என்று மாடிப்படி வரை ஓடிக் கூப்பிட்டேன். கீழேயிருந்து கத்தினாள்: "கிழிச்சிப் போட்ருங்க மேடம், பஸ்சு வந்துட்ச்சு!"