காரணம் என்ற கட்டம்

இன்று காலை தபாலில் அந்த உறை வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நான் கேட்டிருந்த போலீஸ் விபத்துப் பதிவேட்டின் நகல். ஜெராக்ஸ் வாசனை வந்ததுமே, நீர் போய் மாதங்களாகியும், சேர்ந்து படிக்க வழக்கம்போல உமக்கு நாற்காலி இழுத்துப் போட எழுந்துவிட்டேன். பிறகுதான் கடைசிப் பக்கத்தில், தேதியையும் இடத்தையும் வைத்து, உம்மைக் கண்டேன். ஆண், முதியவர், பாதசாரி. காரணம்: பாதசாரியின் கவனக்குறைவு.

ஓய், அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு நாம் இருவரும் தொடங்கிய இணையப் பக்கம். புனேயில் சாலையைக் கடக்கும்போது இறந்தவர்களுக்கு வரைபடத்தில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. அட்டவணையும் வரைபடமும் என் வேலை. புள்ளியைத் தொட்டால் விரியும் நான்கு வரிகள் உமது. பால் வாங்கப் போனவர், ஷிப்ட் முடிந்து சாகண் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பியவர் என்று இறந்தவரை நீர் மறுபடி ஆளாக்குவீர்.

‘காரணம்’ என்ற கட்டத்தில்தான் நமக்குச் சண்டை. பதிவேட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் ஏற்றுவது என் விதி. பக்கம் பக்கமாக ஒரே காரணம் வந்தபோதும் ஏற்றினேன். விஷ்ராந்த்வாடி டீக்கடையில் ஒருநாள் டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டீர்:

“செத்தவன் வந்து பதில் சொல்லவா போறான்? அதான் அவன் தலையிலயே போடுதான். நீரும் அப்படியே காப்பி அடிக்கீரு. பக்கத்துல நின்னவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவே?”

“கேள்விப்பட்டதை எல்லாம் டேபிள்ல ஏத்த முடியாது.”

“முன்னப்பின்ன தெரியாதவன்கிட்டப் பேசப் பயம்னு சொல்லும். அதுக்கு எதுக்கு டேபிளை இழுக்கீரு?”

உண்மைதான். சிரித்து மழுப்பினேன்.

இன்றும் என் விதிப்படியே உமக்கொரு வரிசை திறந்து, ‘கவனக்குறைவு’ என்று தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. காலிச் சாலையிலும் விளக்கு மாறும்வரை நிற்பவர் நீர். நான் கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டீர். அதைப் பதிவேட்டில் எழுதிய எழுத்தர் மேல் வந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. அவருக்காவது உம்மைத் தெரியாது.

சட்டையை மாற்றிக்கொண்டு நீர் விழுந்த அந்தச் சாலைச் சந்திப்புக்குப் போனேன். முனையில் இருந்த பூக்காரியை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டு, மூன்றாம் முறை அவளிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன்.

“பச்சை பார்த்துதான் இறங்கினாரு, காகா. நடு ரோட்டுக்குப் போறதுக்குள்ள அணைஞ்சிடுச்சு. வண்டிக்காரன் நிக்கலை” என்றாள்.

“போலீஸ்ல சொன்னியாம்மா?”

“யாரு கேட்டாங்க? நீங்கதான் முதல்ல கேக்கறீங்க.”

முதலில். ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது, ஓய்.

அட்டவணையில் புதிய கட்டம் சேர்த்துவிட்டேன்: ‘அருகில் நின்றவர் சொன்னது’. உமது வரிசையில் அது நிரம்பிவிட்டது. மேலே உள்ள வரிசைகள் அத்தனையிலும் வெறுமை. ஒவ்வொன்றும் நான் கேட்காமல் விட்டது. உமக்கான நான்கு வரிகள் எனக்கு வரவில்லை. ‘பச்சை விளக்கில் இறங்கினார்’ என்று ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நாளை, அட்டவணையின் முதல் வரிசையில் இருப்பவர் இறந்த இடத்துக்குப் போகிறேன். அந்த முனையில் ஒரு பழ வண்டி நிற்கும். அந்த ஆளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் போய்விட வேண்டும்.