பொம்பளைங்க பக்கத்து வீடியோ

நவம்பர் 3, திங்கள்

விடியலில் இருந்து தூறல். கடைக்குக் கார்த்திகைப் பீங்கான் விளக்கு லோடு நனைந்து வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிகள் ஊறி அடி விட்டுவிட்டன. பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பெட்டி இல்லாமல் எப்படி அனுப்புவது? லாரிக்காரன் "மழைய நானா வரச்சொன்னேன் பாய்" என்கிறான். தார்ப்பாயைச் சுருட்டி சீட்டுக்கடியில் வைக்க நானா சொன்னேன்?

செய்ய வேண்டியது:
— வேப்பூர் கான்ட்ராக்டருக்கு வாஷ்பேசின் விலை
— மாடிக் குழாய்க்கு வாஷர்
— வீடியோ பெட்டி. இன்றாவது ஒரு முடிவு.

பெட்டி சங்கதி இதுதான். மகள் ஷாகிரா ஷார்ஜாவில். ஏழாம் மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பிரசவம் அங்கேயே. அம்மா பக்கத்தில் இல்லை என்று அழுகை. அவள் கேட்பது ஒன்றே ஒன்று. தன் கல்யாண வீடியோவில் பொம்பளைங்க பக்கம் எடுத்ததை அம்மாவோடு சேர்ந்து பார்க்கணும். அவள் அங்கே டிவியில், என் மனைவி மெஹரு இங்கே டிவியில், போனில் பேசிக்கொண்டே.

அந்த வீடியோ மெஹருவின் பீரோவில், பென்டிரைவில் இருக்கிறது. எடுத்ததும் ஒரு பெண்தான், தேடிப் பிடித்து வரவழைத்தோம். அந்தப் பக்கம் ஆண் யாரும் போகவில்லை. பெண்ணைப் பெற்ற அத்தா நானும் போகவில்லை. இன்றுவரை பார்த்ததும் இல்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் முக்காடு இறக்கி, தங்கள் வீட்டில் இருப்பது போல இருப்பார்கள். எனக்கு அங்கே என்ன வேலை?

போனிலேயே அனுப்பிவிடேன் என்றேன். "ஒரு தடவ போனா அது எந்தெந்த போனுக்குப் போவும்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றாள் மெஹரு. முடியாது.

அதனால்தான் பெட்டி. நம் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர். வீடியோ எல்லாம் அதில். எந்த டிவியிலும் போனிலும் அங்கிருந்தே ஓடும். ஆனால் பெட்டி முக்கியமில்லையாம், அதில் போடுகிற சாப்ட்வேர்தானாம். அதில் பல வகையாம். கழுத்தறுப்பு.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரன் பிரபு வந்தான். அவன் சொன்னது, எனக்குப் புரிந்த அளவில்:

1. சும்மா போட்டால் போதும். வீட்டு வைஃபையில் இருக்கிற டிவி எல்லாம் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். பாஸ்வேர்டு கிடையாது, காசு கிடையாது.

2. அழகானது. மாப்பிள்ளை போனில் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் கணக்கு திறக்கணும். என் பெட்டியில் இருப்பதை என் மகள் பார்க்க, எவனோ ஒருவனுடைய வாசலில் நின்று அனுமதி வாங்கணும். வெளியூரில் இருந்து பார்த்தால் சந்தா வேறு. என் கிடங்குக்கு நானே வாடகை கட்டுவதா?

3. பல பேர் சேர்ந்து எழுதிப் பொதுவில் விட்டது. இலவசம். ஆளுக்கு ஒரு கணக்கு, இன்னாருக்கு இன்ன அலமாரி என்று பிரித்துக் கொடுக்கலாம். செட்டிங் வேலை நிறைய.

இத்தனை வேலை செய்துவிட்டு எவனாவது இலவசமாகக் கொடுப்பானா? தட்டிப் பார்த்து சத்தம் சரியாக வந்தால்தான் ஜாடியே வாங்குவேன். இதை எங்கே தட்டுவது? முதலாவதையே போடச் சொன்னேன். ஷார்ஜாவுக்கு எப்படி என்றதற்கு, "மொதல்ல வூட்டுல ஓடட்டும் பாய், அப்புறம் சேத்துக்கலாம்" என்றான். சரி என்றேன்.

மெஹரு பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வெளி ஆம்பளை கண்ணில் படக்கூடாது என்றாள். படாது என்றேன். காப்பி ஆகி முடிகிறவரை பிரபுவின் பின்னாலேயே நின்று, எதையும் திறக்க விடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

மதியம். கீழே ஷோரூமில் வேப்பூர் கான்ட்ராக்டர். சேல்ஸ்மேன் செல்வராசு பேசின் மாடல் காட்ட ஷோரூம் டிவியைப் போட்டான். திரையில் புதிதாக ஏதோ ஒரு பெயர். கம்பெனிக்காரன் அனுப்பிய கேட்லாக் என்று நினைத்து அமுக்கிவிட்டான்.

அது கேட்லாக் இல்லை.

மாடியில் வீடு, கீழே கடை, இரண்டுக்கும் ஒரே வைஃபை. மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் போட்ட கணக்கு. எல்லா டிவியும் தானாகக் கண்டுபிடிக்கும் என்றானே, கடை டிவியும் கண்டுபிடித்துவிட்டது. சம்பந்தி வீட்டு மூத்த மருமகளும் இன்னும் இரண்டு பேரும் திரை முழுக்க. செல்வராசு ரிமோட்டைத் தேடாமல் மெயின் சுவிட்சையே அணைத்தான். புத்திசாலி. கான்ட்ராக்டர் நல்ல மனுசன். அதற்குள் முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஒரு வாஷ்பேசினைத் தட்டிக்கொண்டிருந்தார். கரண்டு வந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

மெஹருவிடம் நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தன் ஆட்களின் குரல் கடையில் இருந்து மேலே வருவதை அவளே கேட்டிருக்கிறாள். நான் படியேறிப் போனபோது வயரைப் பிடுங்கி, பெட்டியோடு தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க கடை ஸ்டாக்க யாராவது தெருவுல வெச்சா சும்மா இருப்பீங்களா?"

அவ்வளவுதான் பேசினாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பிரபுவுக்கு போன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பாஸ்வேர்டு தொல்லை வேணாம்னு நீங்கதான பாய் சொன்னீங்க" என்கிறான். இன்னும் ஆத்திரம். காரணம், சொன்னது உண்மை.

நவம்பர் 7, வெள்ளி

மெஹரு பேசவில்லை. தட்டு வருகிறது, தண்ணீர் வருகிறது, பேச்சு வரவில்லை. காலையில் கோபத்தில் சாப்பிடாமல் இறங்கிவிட்டேன். மதியமும் அப்படியே.

ஜும்மாவுக்குப் பிறகு மங்கலம்பேட்டையில் இருந்து சம்பந்தி வந்தார். அவர் வீட்டு மருமகளைத்தான் நேற்று கடையில்... முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ, சமோசா. இந்த மனிதருக்கு எது செய்தாலும் தகும். கல்யாணத்தன்று நான் சமையல்காரனிடம் சண்டை போட்டுவிட்டுப் பட்டினியாக நின்றபோது, அவ்வளவு கூட்டத்திலும் என்னைக் கவனித்து ஒரு தட்டு பிரியாணி அனுப்பியவர். மாப்பிள்ளை வீட்டு ஆள் கொண்டுவந்து கொடுத்தான். அதில் இருந்து ஒவ்வொரு நோன்புக்கும் முதல் பேரீச்சம்பழப் பெட்டி அவர் வீட்டுக்குத்தான் போகும். இன்றும் அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு, "அது என்ன பெரிய விசயம் சம்பந்தி" என்றார். பெரிய மனுசன்.

நேற்று நடந்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மெஹருவுக்கு வந்தது. மாலையில் சம்பந்தியம்மாவுக்கு அவளே போன் போட்டு ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அடுத்த அறையில் இருந்து எல்லாம் கேட்டது. பேசி முடித்து வந்து, இரண்டு நாளில் முதல் முறையாக என்னிடம் பேசினாள். சம்பந்தியம்மா சொன்னதாம்: புள்ளத்தாச்சி ஆசைப்படுது, பாக்கட்டும். ஆனா சாவி பொம்பள கையில இருக்கணும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, பென்டிரைவ அம்மியில வெச்சு நசுக்கிடு.

நவம்பர் 10, திங்கள்

பலத்த மழை. கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். கடைவீதி முழுக்க இதே கதை, வரி மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

கருவேப்பிலங்குறிச்சியில் இருந்து தமிழ்ச்செல்வி என்ற பெண் வந்தது. இங்கே கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறது. மெஹருவே விசாரித்துக் கூப்பிட்டது. இனி பெட்டியை ஆம்பளை தொடக்கூடாதாம்.

மூன்றாவது வகைதான் சரி என்றது அந்தப் பெண். கடைக்கும் வீட்டுக்கும் வைஃபையை முதலில் பிரித்தது. மெஹரு எடுத்துத் தந்த பெட்டிக்கு வயரைச் சொருகித் தொட்டுப் பார்த்துவிட்டு, போட்டதுமே இப்படிச் சூடாகிறது, மிஷின் பழசு என்றது. பழைய மிஷினைப் புது விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறான் பிரபு. அவனுக்கு இருக்கிறது.

பிறகு மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேட்டது. "அட்மின் யாருங்க?"

"நான்தான்." இதில் என்ன கேள்வி?

"அட்மினுக்கு எல்லா போல்டரும் தெரியும் சார். மறைக்க முடியாது."

மெஹரு சமையற்கட்டில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எம் பேர போடும்மா."

கடை சாவியை இத்தனை வருசத்தில் யாரிடமும் கொடுத்ததில்லை. காய்ச்சல் என்றாலும் நான்தான் திறப்பேன். இந்தப் பெட்டி என் காசு, கரண்டு என் காசு, கூரை என்னுடையது. சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அந்தப் பெண் ஜன்னலில் மழையைப் பார்த்தது.

மெஹரு கேட்டாள், "அப்ப நீங்க பாக்கப் போறீங்களா அத?"

உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்ச்செல்வி போன பிறகு மெஹரு பாஸ்வேர்டை மாற்றினாள். பென்டிரைவைச் சொருகினதும் அவளே, ஏற்றியதும் அவளே. படித்தது எட்டாம் வகுப்பு.

நவம்பர் 12, புதன்

என் போனில் என் கணக்கைத் திறந்தேன். இருப்பது: பழைய படங்கள், கொடைக்கானல் போனது, கல்யாணம் (ஆண்கள் பக்கம்), கடை கேட்லாக். அந்த இன்னொரு போல்டர் பூட்டியிருப்பதாகக்கூடக் காட்டவில்லை. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி இருக்கிறது. பூட்டு தெரிந்தாலாவது மரியாதை.

புது கேட்லாக் ஏற்றணும், கடைக்கு அவசரம். அதற்கும் அவள் பாஸ்வேர்டு. கேட்டேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்று மாடியில் இருந்தே கடைக்குக் கேட்கும்படி சொன்னாள். கடன் கேட்டு வருகிறவனுக்கு நான் சொல்கிற அதே வார்த்தை, அதே இழுப்பு. செல்வராசு குனிந்து பேசினைத் துடைக்கிறான், தோள் குலுங்குகிறது. சம்பளம் வாங்க வா, பார்த்துக்கொள்கிறேன்.

என் வீட்டுப் பெட்டியில் நான் விருந்தாளி.

ஷாகிராவின் டிவியில் நேற்று சோதித்தார்கள். முதலில் வட்டம் சுற்றியது, பிறகு ஓடியதாம். வெளியில் இருந்து வரத் தனி வாசல், அதற்கு ஒரு பூட்டு. சந்தா இல்லை, எவன் அனுமதியும் இல்லை. இலவசத்தில் இவ்வளவு ஒழுங்கு. யார் எழுதினார்களோ. இதைத்தான் முதலிலேயே போட்டிருக்கணும். பிரபுவை நினைத்தால் இன்னும் எரிகிறது.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். ஜும்மா முடிந்து வந்தேன். இன்றுதான் பார்க்கப் போகிறார்களாம். ஹால் கதவைச் சாத்தப் போகிறாள், கீழே போங்க என்றாள். சோறு எங்கே என்றேன். முடிஞ்சதும் என்றாள். பசி. கடைக்கு மதியம் லீவு. எங்கே போவது? மாடிப்படியில் உட்கார்ந்து விலைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

சத்தத்துக்குப் பூட்டு போடவில்லை யாரும். கதவடியில் வருகிறது. பாட்டு, கைதட்டல், குழந்தை அழுகை. போனில் ஷாகிரா சிரிப்பது தனியாகக் கேட்கிறது. எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது வீடியோவுக்குள் இருந்து ஷாகிராவின் குரல். கல்யாணத்தன்றைய குரல்.

"பெரியம்மா, அத்தா சாப்டாங்களான்னு பாக்கச் சொல்லுங்க. சமையக்காரர்கிட்ட சண்ட போட்டுட்டு நிக்கிறாங்களாம். கோவம் வந்தா சாப்புட மாட்டாங்க. மாப்புள வூட்டு ஆளு யார்கிட்டயாச்சும் ஒரு தட்டு குடுத்து வுடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, அதுக்கும் கோவப்படுவாங்க."

பொம்பளைங்க அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். மெஹருவும் சிரிக்கிறாள், அன்றும் இன்றும்.

விலைச்சீட்டில் என்ன எழுதினேன் என்று தெரியவில்லை. மூன்று சீட்டு வீண்.

அப்போ சம்பந்தி? எத்தனை நோன்பு, எத்தனை பேரீச்சம்பழம். போன வெள்ளிக்கிழமைகூட டீ, சமோசா. தாடியைத் தடவிக்கொண்டாரே. ஒரு தடவையாவது 'நான் அனுப்பல சம்பந்தி' என்று வாய் திறந்தாரா அந்த மனுசன்? வரட்டும்.

கதவு திறக்கிற சத்தம். சாப்பிடக் கூப்பிடுகிறாள். கோபமாகத்தான் இருக்கிறேன். இருந்தாலும் போய்ச் சாப்பிடுகிறேன்.