ஏழிலிருந்து பதினொன்றுவரை

மார்ச் 3

அக்கா பெற்ற ஒரே சிங்கத்துக்கு,

எவரும் நம்பப்போகாத கதையொன்றைச் சொல்வதாகச் சத்தியம் செய்து மாமா எழுதுகிறேன். காலை ஏழுக்குத் திறக்கும் எங்கள் தெருமுனை மதுக்கடையை இனிப் பதினொன்றுக்குத்தான் திறக்க விடுவீர்களாம். நகராட்சியில் உரிமம் வழங்கும் நாற்காலியில் நீ உட்கார்ந்தபோது ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். எனக்கு இது தேவைதான்.

ஷட்டர் ஏறுமுன் அங்கே நாற்பதாயிரம் பேர் நிற்கிறோம், இரண்டு யானைகள் உட்பட. எல்லோரும் கனவான்கள். அந்நேரம் என் கை ஆடுகிற ஆட்டத்தில் எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உதிரும். என் சட்டைப் பொத்தானைப் பின்னால் நிற்பவர் போட்டுவிட முயல்வார், அவருடையதை நான். முதல் மடக்கு இறங்கியதும் பூகம்பம் நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பேன். அக்கடையைப் பூட்டினால் தையல் தொழிலே அழியும். இதுவே என் ஆட்சேபனை.

தையல் சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமா,

எழுத்தில் வரும் ஆட்சேபனையைக் கூட்டத்தில் வாசித்தே ஆகவேண்டும் என்பது விதி. வாசித்தேன். யானைவரை எல்லோரும் சிரித்தார்கள். பொத்தானில் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரும்மா இந்தத் தையல்காரரு?" என்றார் தலைவர்.

"எங்க மாமாங்க."

கடைக்காரர் எழுந்தார். "நெசந்தாங்க. தினம் பாக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காக வந்த ஒரே கடிதம் கடையைப் பதினொன்றுக்குத் தள்ளிவிட்டது. அதே முனையிலுள்ள சுகாதார நிலையம் இனி ஏழுக்கே திறக்கும்.

என்னோடு பேசுவீர்களா? அளவு கொடுத்த என் சட்டை நாலு மாதமாக அங்கே கிடக்கிறது.

உங்கள் சிங்கம்

மே 2

மாமனையே கோப்பில் கட்டிய மகாராணிக்கு,

ஏழு தலைமுறைக்கு உன்னோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மறுநாள் காலை ஏழுக்குக் கால் பழக்கத்தில் முனைக்குப் போய்விட்டது. திறந்திருந்த ஒரே கதவு நர்ஸுடையது. "வாங்க சக்கரவர்த்தி, நாக்க நீட்டுங்க" என்றாள். என் புகழ் அங்கேயும் போயிருக்கிறது. மாத்திரை கொடுத்தாள், தினமும் வரச்சொன்னாள். போகிறேன். வரிசையில் என் பொத்தானைப் போட்டவரும் வருகிறார்.

படையெடுத்து நாடு பிடித்தவர்கள் உண்டு. ஒரு ஊரின் காலைப்பொழுதை நாலு மணிநேரம் மீட்டுக்கொடுத்தவள் உலகில் நீ ஒருத்திதான்.

சட்டையை இத்துடன் அனுப்புகிறேன். ஏழு பொத்தான். எல்லாம் காலையில் தைத்தவை.

ஒரு விஷயம். நாற்பதாயிரம் பேர் பொய். யானை பொய். முதல் மடக்குக்குப் பிறகு ஊசியில் நூல் கோர்த்ததும் பொய். அதனால்தான் உன் சட்டை கிடந்தது. கை ஆடியது மட்டும் நிஜம்.

உன் மாமா