ஆத்தூர் மாரியப்பனுக்குக் கிடைத்த பாராட்டு

ஜூன் 3, 2025. ராசிபுரம்.

காலையில் அடுப்படியில் ஒரு பெண்குரல் இங்கிலீஷ் பேசியது. சௌந்திரம் வெங்காயம் உரித்தபடி ஃபோனைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிக் அப். பிக் அப்."

யார் அது என்றேன்.

"மோனிஷா மேடமுங்க. சேலத்துப் புள்ள. தெனமும் ஒரு வார்த்த சொல்லித் தருது."

முப்பத்துநான்கு வருடம் இங்கிலீஷ் வாத்தியார் நான். என் மனைவி ஃபோனிடம் பாடம் கேட்கிறாள்.

ஜூன் 4

அவள் கடைக்குப் போனதும் அந்த வீடியோவைப் பார்த்தேன். 'பிக் அப்'புக்கு மூன்றே பொருள் சொல்கிறாள் மோனிஷா. கீழே கிடப்பதை எடுப்பது, பஸ் ஸ்டாண்டு போய் ஆளை அழைத்து வருவது, மணி அடித்தால் ஃபோனை எடுப்பது. இணைச் சொற்களும் மூன்று: லிஃப்ட், கலெக்ட், ஆன்சர். அவ்வளவுதானா? கேட்டுக் கேட்டே ஒரு பாஷையைப் பிடித்துக்கொள்வது எங்கே போயிற்று? அது லேர்ன். மந்தமான வியாபாரம் சூடுபிடித்தால் இம்ப்ரூவ். அடுத்தவர் சளி நமக்கு ஒட்டிக்கொண்டால் கேட்ச். நம் ஊர் லாரிக்காரர்கள் 'வண்டி பிக்கப் இல்லை' என்கிறார்களே, அதைக்கூடவா ஒரு சேலத்துப் பெண் விடுவாள்?

ஆனால் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். சௌந்திரமும் சிரிக்கிறாள். அதுதான் எனக்கு ஆகவில்லை.

ஜூன் 6

கேட்டே விட்டேன். இங்கிலீஷ் எதற்கு, இந்த வயதில்?

"மருமக வளைகாப்புக்கு நாக்பூர் சம்பந்தியம்மா வாராங்கல்ல. நாலு வார்த்த பேச வேண்டாமுங்களா?"

எடுத்துச் சொல்லத்தான் நான் இருக்கிறேனே என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஜூன் 7

செய்யக்கூடாததுதான். செய்துவிட்டேன். வீடியோவின் அடியில் 'ஆத்தூர் மாரியப்பன்' என்ற பொய்ப் பெயரில் விட்டுப்போன பொருள்களை எல்லாம் எழுதினேன். எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்குப் பாடம் வராது. அதையும் சேர்த்தேன்: 'புதுமணத் தம்பதியை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்ட செங்கோட்டையன் லாரி, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மேடு வந்ததும் பிக்கப் இல்லாமல் நின்றுவிட்டது.' வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் சிரிக்கும்.

ஜூன் 9

மோனிஷா அதை வாசித்தாள்! "ஆத்தூர் மாரியப்பன் ஐயா எவ்ளோ அழகா விளக்கியிருக்காங்க பாருங்க!" அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். நெஞ்சு நிமிர்ந்தது. மறுகணமே எரிச்சல். பாராட்டு மாரியப்பனுக்கு அல்லவா போகிறது? யார் அவன்? ஒரு நாளாவது சாக்பீஸ் பிடித்திருக்கிறானா?

சௌந்திரம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, எங்கண்ணன் லாரி மேடேறாத கத ஆத்தூருக்காரருக்கு எப்படிங்க தெரியும்?"

"ஊரில் செங்கோட்டையன் ஒருவர்தானா?"

"செங்கோட்டையன் நூறு பேரு இருப்பாங்க. கட்டுன பொண்டாட்டிய லாரியில ஏற்காடு கூட்டிட்டுப் போன மகராசன் ஒருத்தருதானுங்க."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளயக் கொற சொல்லப் பேர மாத்திக்கிட்டீங்களா? நல்லாருக்குதுங்க, வாத்தியாரே."

ஜூன் 10

காபி வந்தது. பேச்சு வரவில்லை.

ஜூன் 12

அவளே ஆரம்பித்தாள். "நம்ம பையன் சித்தார்த்து கல்யாணத்துல, சாப்பாட்டுல உப்புக் காரம் சரியா இருக்குதான்னு சம்பந்தியம்மாகிட்டக் கேளுங்கன்னேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

"கேட்டேனே."

"என்னத்தக் கேட்டீங்க? அஞ்சு நிமிசம் பேசுனீங்க. அவிங்க உங்களயே பாத்துச் சிரிச்சாங்க. என் பக்கம் திரும்பவே இல்ல. உப்பப் பத்தி ஒரு பதிலும் வர்ல."

கொங்கு நாட்டு விருந்தோம்பலைப் பற்றிப் பேசிய நினைவு. நன்றாகத்தான் பேசினேன் —

"உங்ககிட்டப் படிச்சா ஒரு வார்த்த பேசறதுக்குள்ள நாலு தடவ திருத்துவீங்க. அந்தப் புள்ள தப்பாச் சொன்னாலும் தைரியமாப் பேசுங்கங்குது."

இப்படியா நான்? இவளுக்கு என் வாய் வேண்டாம் என்றால் அந்த அம்மாளுக்கு முன்னால் நான் என்ன வேலைக்கு உட்கார்ந்திருப்பேன்?

ஜூன் 21

சம்பந்தியம்மா வந்துவிட்டார். மத்தியானம் இலை போட்டதும் வழக்கம்போல் எடுத்துச் சொல்லத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டேன். சௌந்திரம் நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சால்ட் ஓகே?"

"லிட்டில் லெஸ்," என்றார் அந்த அம்மாள், கூச்சத்தோடு.

உப்பு வந்தது. என்னைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் இருவரும் பேசினார்கள், கையாலும் பாதி. இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்க, இவள் சொன்னாள்: "ஐ பிக் அப் ஃப்ரம் மொபைல்."

காலம் தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் 'கேட்டுப் பிடித்துக்கொள்வது' என்ற அந்தப் பொருளை மோனிஷா சொல்லித் தரவே இல்லை. மாரியப்பன் எழுதியது அது. மொபைலுக்குப் போய்விட்டது பெயர்.

சாயங்காலம் வரை இருவரும் சிரித்தார்கள். என்ன விசயம் என்றேன். "அது எங்களுக்குள்ளங்க."

ஜூன் 24

சம்பந்தியம்மா நேற்று ரயில் ஏறினார். காலையில் சௌந்திரம் ஃபோனை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து என் மேஜைமேல் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் இரண்டு டம்ளர் காபி.

இன்றைக்கு 'டேக் ஆஃப்'. சட்டையைக் கழற்றுவது, விமானம் கிளம்புவது, லீவு எடுப்பது. முடித்துவிட்டாள் மோனிஷா. விட்டது என் கணக்கில் மூன்று.

"ஏனுங்க, ஏதாச்சும் உட்டுட்டாங்களா?"

"இல்லை," என்றேன். "எல்லாம் சொல்லிவிட்டாள்."