பொழுதோடு தூங்கும் கோழிகள்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

போன வாரம் என் மனைவி வள்ளி கம்பெனியில் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ரத்தம் குறைவு, கறி சாப்பிடட்டும் என்றார் டாக்டர். நாங்கள் வளர்த்த கோழிகளே ஆறு இருக்கின்றன. ஒன்றையும் அடிக்க விடமாட்டேன் என்கிறாள்.

இன்று பொழுது சாயும்போது மறுபடி கேட்டேன். கோழிகள் முருங்கைக் கிளையில் ஏறி, உப்பி, கண் மூடிக்கொண்டிருந்தன. அவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள், தானும் அங்கே ஏறிவிட்டவள் மாதிரி.

“ஒண்ணே ஒண்ணு, அம்மணி. நானே சாறு வெச்சுத் தாரேன். தெம்பு வரும்.”

“தெம்பு வந்து?”

“வேலைக்குப் போலாமில்ல.”

“ராத்திரி வரைக்கும் ஒன்றரை சிப்ட்டு ஓட்டறதுக்குங்களா? இந்த ஊட்ல பொழுதோட தூங்கறது அதுக மட்டுந்தானுங்க. அதையும் தின்னுபோட்டு நான் முழிச்சிருக்கோணுமா?”

கம்பெனிக்காரனை நாள் முழுதும் திட்டுகிறேன். அவன் கேட்காமலேயே, அவனுக்காக இவளுக்குத் தீனி போடப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தூங்குகிறாள். அவள் போனில் அலாரத்தை அணைத்துவிட்டேன். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். நான் போய், அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிடுகிறேன். கறியைப் பற்றி அவள் எழுந்த பிறகு கேட்கலாம்.