மூணாவது இயர்போன்

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

இங்க மெஷின் சத்தத்துல நீ அனுப்புற வாய்ஸ் மெசேஜ் காதுல விழலைன்னு இயர்போன் வாங்கப் போனேன். கடைக்காரர் மூணு எடுத்து வச்சு, போட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லாரும் பாட்டு வைப்பாங்க, நான் உன் மெசேஜை வச்சேன். முதல் ரெண்டுலயும் நீ மட்டும்தான் பேசினே. மூணாவது இருக்கிறதிலேயே விலை குறைச்சல், ஆனா காதுக்குள்ள கச்சிதமா உட்கார்ந்துச்சு. அதுல உனக்குப் பின்னாடி அப்பா, "சாப்பிட்டானான்னு கேளு"ங்கிறார். நான் கிளம்பினதிலிருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன். பழைய மெசேஜ் எல்லாத்தையும் அங்கேயே நின்னு கேட்டேன். நீ கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் முதல்ல அவர்தான் கேட்டிருக்கார்.

அதையே வாங்கிட்டேன். இனி போனை அவர் நாற்காலி பக்கமா வச்சுப் பேசு. எனக்குக் கேட்டுடுச்சுன்னு சொல்லிடாதே, நிறுத்திடுவார்.

ஷிப்டுக்கு நேரமாச்சு. சாப்பிட்டேன்னு சொல்லிடு.

உன் மகன்